42,000 ரூபாய் ஸ்பீக்கர் வயர்: வித்தியாசம் கேட்கிறது, ஆனால் நம்பலாமா?

கடற்கரைக்காது (சனி, இரவு 10.15)

வணக்கம். ஒரு வருஷமாக இந்த ஆடியோ மன்றத்தில் படித்துவிட்டு மட்டும் போகிறவன். இப்போது பணம் சம்பந்தப்பட்டுவிட்டதால் வாயைத் திறக்கிறேன்.

என் செட் பெரியதில்லை. 60 வாட் ஆம்ப், 4 ஓம் புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. திருவான்மியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஹால் 11க்கு 15 அடி, தரை முழுக்க டைல்ஸ். ஆம்ப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 5 மீட்டர் வயர் ஓடுகிறது. ஏழு வருஷத்துக்கு முன் ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கியது. கண்ணாடி மாதிரி உள்ளே கம்பி தெரியுமே, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது, அதுதான்.

போன வாரம் ஒரு கடைக்காரர், "வீட்டில் போட்டுக் கேளுங்கள் சார், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒரு ஜோடி வயரைக் கையில் கொடுத்தார். விலை 42,000. திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நாள் அவகாசம். சிரித்துக்கொண்டேதான் மாட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. தம்புரா இதுவரை பின்னால் எங்கேயோ இரைந்துகொண்டிருக்கும். இப்போது நாலு தந்தியும் தனித்தனியாக விழுகிறது. மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி, அந்த இடப்பக்கத்து அடித்தொனி, வயிற்றில் வந்து இறங்குகிறது. பாடகர் எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும், எனக்கும் அது பழகிவிட்டது. நடுவுக்கு வந்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "என்ன, இன்னைக்கு நல்லா கேக்குது" என்றாள். நான் வயர் மாற்றியது அவளுக்குத் தெரியவே தெரியாது. செம்புக் கம்பியில் என்ன பெரிய வித்தியாசம் என்று நானே பத்து பேரிடம் வாதாடியவன்தான். ஆனால் கேட்டது கேட்டதுதானே? வாங்கலாமா?

பொட்டிக்கடை (சனி, இரவு 10.31)

வந்துவிட்டாரய்யா அடுப்படி சாட்சி! வயர் மாற்றிய எந்த வீட்டிலும் மனைவி ஹாலில் உட்கார்ந்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது. அடுப்படிதான். குக்கர் விசில் வேறு அடித்துக்கொண்டிருக்கும்.

எட்டு_ஓம் (சனி, இரவு 11.02)

கிண்டல் இருக்கட்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்பீக்கர் வயர் முதலில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, மற்றதெல்லாம் அப்புறம். 5 மீட்டர் வயர் என்றால் கரன்ட் போவதற்கு 5, திரும்புவதற்கு 5, ஆக 10 மீட்டர் செம்பு. 0.75 சதுர மி.மீ. வயருக்கு மீட்டருக்குச் சுமார் 26 மில்லி ஓம், மொத்தம் 0.26 ஓம். 2.5 சதுர மி.மீ. என்றால் மீட்டருக்கு 8, மொத்தம் 0.08 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரோடு இது வரிசையில் உட்காரும்போது முதலாவதில் சத்தம் ஏறத்தாழ அரை டெசிபெல் குறையும், இரண்டாவதில் 0.17 டெசிபெல்.

இதில் ஒரு நுணுக்கம். 4 ஓம் ஸ்பீக்கர் எல்லாச் சுரத்துக்கும் 4 ஓமாக இருக்காது. பாஸில் ஓரிடத்தில் 20 ஓம் வரைக்கும் ஏறும், வேறிடத்தில் 3க்குப் பக்கத்தில் இறங்கும். இறங்கிய இடத்தில் வயர் அதிகம் தின்னும், ஏறிய இடத்தில் குறைவாகத் தின்னும். ஒல்லி வயர் ஒலியின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றுவது இப்படித்தான். ஆகவே "வயரால் ஒன்றுமே மாறாது" என்று யாராவது மார்தட்டினால் அதுவும் தப்பு.

ஆனால் பாடகர் இடத்தை விட்டு எழுந்து நடுவுக்கு வந்தார் என்கிறீர்களே, அதற்கு இந்தக் கணக்கு போதாது. இரண்டு பக்கமும் ஒரே வயர் என்றால் குறைவதும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதானே? ஒன்று, காசின் மகிமை காதில் ஏறியிருக்க வேண்டும். அல்லது உங்கள் பழைய வயரில் ஏதோ கோளாறு.

வெள்ளிக்கம்பி (ஞாயிறு, காலை 7.20)

கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வு கிடையாதா?

நாலு வருஷமாக வெள்ளி வயர் வைத்திருக்கிறேன். முன்னால் கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மீட்டரில் அகப்படவில்லை என்பதற்காக ஒன்று இல்லை என்று ஆகிவிடுமா? குழம்பில் உப்பு எத்தனை கிராம் என்று நிறுத்துச் சொல்லலாம். கைப்பக்குவத்தை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்?

கடற்கரைக்காது, உங்கள் காதை நம்புங்கள். கேட்கப் போவது நீங்கள்தான், எட்டு ஓம் சார் இல்லை.

எட்டு_ஓம் (ஞாயிறு, காலை 9.05)

வெள்ளி செம்பைவிட 6 சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். அதே பலன் வேண்டுமென்றால் செம்பிலேயே குறுக்குப் பரப்பில் 6 சதவீதம் தடித்த வயர் போட்டால் முடிந்தது.

கைப்பக்குவத்தை நிறுக்கச் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கிண்ணத்திலும் ஒரு வாய் சாப்பிட்டு, எது உங்கள் அம்மா வைத்த குழம்பு என்று சொல்லுங்கள். அது போதும்.

மைக்செட்_மாரி (ஞாயிறு, மதியம் 2.40)

சண்டை அப்புறம் போடலாம். நான் மதுரைப் பக்கம் 31 வருஷமாக மைக் செட் தொழில். வயர்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் கேட்கிற கச்சேரி உங்கள் வீட்டுக்கு வருமுன் எத்தனை வயரைத் தாண்டி வந்திருக்கும் தெரியுமா? பாடகர் முன்னால் இருக்கிற மைக்கில் பிறப்பது சில மில்லிவோல்ட். அது பத்து மீட்டர் வயரில் மேடை ஓரத்துப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து முப்பது, நாற்பது மீட்டர் மல்ட்டிகோர் (பல வயரை ஒரே உறையில் போட்டது), தரையில், ஜனங்கள் மிதித்துப் போகிற பாதையில். அப்புறம் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர். அப்புறம் ஸ்டுடியோவில் இன்னும் எத்தனையோ. பெரிய ஸ்டுடியோக்கள் வாங்குகிற மோகாமி, கனாரே, பெல்டன் கம்பெனி வயர் எல்லாம் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற சரக்கு. 42,000க்கு வாங்கினால் ஒரு ஸ்டுடியோவுக்கே வயர் போட்டுவிடலாம். அந்தத் தம்புரா அந்த வயரில்தான் வந்தது. அதில் தொலையாத ஜீவா, அந்தத் தந்தியின் ரீங்காரம், உங்கள் வீட்டின் கடைசி 5 மீட்டரில் தொலையுமா?

அவ்வளவு தூரம் சின்ன சிக்னல் எப்படிச் சேதாரமில்லாமல் வருகிறது என்றால், அது பேலன்ஸ்டு லைன். ஒரே சிக்னலை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் அனுப்புவோம். வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். வேலை செய்வது இந்த ஏற்பாடு. வயரின் விலை இல்லை.

ஆனால் வயர் சத்தத்தைக் கொல்லாது என்று நான் சொல்லவே மாட்டேன். கொன்று பார்த்திருக்கிறேன். ஒரு திருவிழாவில் வலது பக்க ஸ்பீக்கர் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடின. ஆம்ப் மாற்றினேன், மிக்ஸர் சேனல் மாற்றினேன், ஸ்பீக்கரையே இறக்கி ஏற்றினேன். விடிகாலை மூன்று மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வயரைத் தடவிப் போனால், பந்தல் கால் பக்கத்தில் நானே போன மாசம் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். மழையில் ஊறிப்போய், பிரித்தால் உள்ளே பச்சைப் பசேல். பிளேடால் சுரண்டி, பளபளவென்று ஆனதும் முறுக்கினேன். கம்பளி விலகிவிட்டது. செலவு ஒரு பிளேடு. கெட்டுப் போனது என் மானம்.

நீங்கள் கடலிலிருந்து இரண்டு தெரு என்றீர்கள். வயர் ஏழு வருஷம். முனையை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம். சிசிஏ என்பார்கள். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும்.

வினைல்_வாத்தியார் (ஞாயிறு, மாலை 5.10)

மாரி அண்ணன் சொன்ன பிறகு ஸ்பீக்கர் வயரைப் பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் வயரால் ஒலி நிஜமாகவே மாறும் ஓர் இடம் இருக்கிறது. யாருமே அதைப் பேசுவதில்லை, ஏனென்றால் அங்கே விலை உயர்ந்த வயர் ஜெயிப்பதில்லை.

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளிலிருந்து, அதன் சின்ன சிக்னலைப் பெருக்கும் போனோ ஆம்ப்புக்குப் போகும் வயர். ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது மயிரிழைக் கம்பியில் சுற்றிய சுருள். அதன் இண்டக்டன்ஸ், அதாவது கரன்ட் மாறுவதை எதிர்க்கும் குணம், பெரியது. ஆர்டோஃபோன் கம்பெனியின் 2எம் ரெட் என்றால் 700 மில்லி ஹென்ரி. அதற்கு 150 முதல் 300 பிகோஃபாரட் வரை கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் குணம்) இருக்கலாம் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. இந்தக் கெப்பாசிட்டன்ஸில் வயரின் பங்கும் உண்டு. சாதாரண ஷீல்டு வயர் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் பக்கம் வரும். மொத்தம் 250 இருந்தால் சுருளும் வயரும் சேர்ந்து 12 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும். நீளமான வயர் போட்டு 500 ஆக்கினால் அது எட்டரை கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஜால்ரா ஓசை கூர்மையாகி, அதற்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். இதைக் கேட்கத் தங்கக் காது வேண்டாம்.

என்னிடம் இருப்பது ஒரு மீட்டர் மெல்லிய வயர், 350 ரூபாய். அதைவிடப் பத்து மடங்கு விலையில், கைத்தடி மாதிரிப் பருத்த ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். நாதஸ்வர இசைத்தட்டு சீறியது. அளந்தால் மீட்டருக்கு 240 பிகோஃபாரட். காரணம் அவ்வளவுதான்.

பொட்டிக்கடை (ஞாயிறு, மாலை 5.18)

அப்போ விலை கூடக்கூட ஒலி கெடும் வயரும் இருக்கிறதா! இதை ஏன் விளம்பரத்தில் போடுவதில்லை?

வெள்ளிக்கம்பி (ஞாயிறு, இரவு 8.00)

வாத்தியார் சார், நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். வயர் என்றால் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் என்று பேசியவர்கள் இப்போது கெப்பாசிட்டன்ஸை ஒப்புக்கொள்கிறார்கள். நாளைக்கு இன்னொன்றை ஒப்புக்கொள்வார்கள்.

எட்டு_ஓம் (ஞாயிறு, இரவு 8.25)

ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் என்று நான் எழுதவில்லை, "முதலில்" என்று எழுதினேன். மேலே போய்ப் பாருங்கள். இங்கிலாந்து நெய்ம் கம்பெனியின் பழைய ஆம்ப்களில், ஆம்ப்பை நிலையாக வைக்கும் வெளியீட்டுச் சுருள் கிடையாது. அந்த வேலையை வயரின் இண்டக்டன்ஸே செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஒரு பக்கத்துக்கு மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் வயர் போடுங்கள் என்பார்கள். அங்கே தப்பான வயர் ஆம்ப்பையே தடுமாற வைக்கும். இதெல்லாம் எழுதி வைத்த விஷயம், அளக்கக்கூடிய விஷயம். வெள்ளி வயரின் மடு எந்தப் பக்கம் என்று யாரும் அளந்து காட்டினால் அதையும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வேன்.

கடற்கரைக்காது, பழைய முனையை இப்போதே வெட்டிவிடாதீர்கள். முதலில் அளக்க வேண்டும். மல்ட்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் இதற்கு உதவாது, அதன் முள் வயரே 0.2 ஓம் காட்டும். 12 வோல்ட் பைக் பேட்டரி, 5 வாட் இண்டிகேட்டர் பல்பு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வயரை ஸ்பீக்கர் போஸ்டில் (பின்னால் வயர் மாட்டும் திருகு) முன்பு இருந்த மாதிரியே முடுக்குங்கள், ஆம்ப் பக்கம் கழற்றியே இருக்கட்டும். பேட்டரி, பல்பு, வயரின் ஆம்ப் முனை, வயர், ஸ்பீக்கர் போஸ்ட், அங்கிருந்து நேராகத் திரும்பப் பேட்டரி. ஒரு சமயத்தில் ஒரு கம்பி மட்டும். அப்போதுதான் ஸ்பீக்கருக்குள் கரன்ட் போகாது. சுமார் 0.4 ஆம்பியர் ஓடும். இப்போது வயரின் ஆம்ப் முனைக்கும் ஸ்பீக்கர் போஸ்டுக்கும் நடுவே மில்லிவோல்ட் பாருங்கள். 40 மில்லிவோல்ட் வந்தால் 0.1 ஓம்.

செரங்கூன்_செல்வி (ஞாயிறு, இரவு 11.45)

சிங்கப்பூரிலிருந்து. இங்கே அடெல்ஃபி கட்டடத்தில் மாடிக்கு மாடி ஹை-ஃபை கடைகள்தான். சனிக்கிழமை போனால் ஏசியில் உட்கார்ந்து யாருடைய காசிலாவது நல்ல பாட்டுக் கேட்கலாம். அங்கே ஒரு வயர் டெமோவில் கவனித்தேன்: வயர் மாற்றியபின் விற்பனையாளர் வால்யூமை மறுபடி வைக்கும்போது முன்பு இருந்த இடத்துக்குச் சரியாக வைக்கவில்லை, ஒரு மயிரிழை மேலே. வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன். கால் டெசிபெல் கூடினால் நம் காது "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். அதனால்தான் சோதனை செய்பவர்கள் 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்யாமல் ஆரம்பிப்பதில்லை.

இந்த வழக்கு புதிதும் இல்லை. 1983இலேயே அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை மூன்று வயரை வைத்து, எது எந்த வயர் என்று காட்டாமல் சோதனை நடத்தியது: ஒல்லியான 24 கேஜ், சாதாரண 16 கேஜ் விளக்கு வயர், அப்போது பேர்போன மான்ஸ்டர் கம்பெனி வயர். ஒல்லியை இரைச்சல் சிக்னலில் பிடித்துவிட்டார்கள். பாட்டு போட்டபோது விளக்கு வயருக்கும் மான்ஸ்டருக்கும் இடையில் வித்தியாசம் எடுபடவில்லை. 2007இல் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, நம்ப முடியாத சக்தியை நிரூபிப்பவருக்கு என்று வைத்திருந்த தன் பத்து லட்சம் டாலர் பரிசை இதிலேயே வைத்தார்: ஜோடி 7,250 டாலர் விலையுள்ள, பேர் (Pear) என்ற கம்பெனியின் ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரிலிருந்து பார்க்காமல் பிரித்துச் சொல்ல வேண்டும். மைக்கேல் ஃபிரெமர் என்ற விமர்சகர் நான் வருகிறேன் என்றார். வயர்க் கம்பெனி பின்வாங்கியது. கடைசியில் சோதனையே நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று இரண்டு தரப்பும் இன்னொருவரைக் கைகாட்டின. என்னைக் கேட்டால் அந்தக் கதை யாருக்கும் வெற்றி இல்லை.

வீட்டில் செய்து பார்க்கலாம். ஒருவர் நாணயம் சுண்டி வயரை மாற்றிக் குறித்து வைக்க வேண்டும். நீங்கள் அப்போது வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மாற்றியவர் வெளியே போன பிறகு நீங்கள் உள்ளே வர வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தாலே நமக்குப் பாதி தெரிந்துவிடும். 16 தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே 8 சரியாக வரும். வெறும் அதிர்ஷ்டத்தில் 12ஓ அதற்கு மேலோ வருவதற்கு 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புத்தான். வயரின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுங்கள்.

ஆம்ப்பில் ஸ்பீக்கர் ஏ, பி என்று இரண்டு சுவிட்ச் இருந்தால் அதை வைத்துச் சுலபமாகச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். பல ஆம்ப்களில் அந்த சுவிட்ச் பிளஸ்ஸை மட்டும் வெட்டும், மைனஸ் இரண்டு வயரிலும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

பொட்டிக்கடை (திங்கள், காலை 6.50)

யூஎஸ்பி, எச்டிஎம்ஐ வயருக்கும் இதே கதைதானா? மைத்துனன் 9,000க்கு ஒரு எச்டிஎம்ஐ வாங்கி வைத்துக்கொண்டு கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரிகிறது என்கிறான்.

எட்டு_ஓம் (திங்கள், காலை 8.10)

அதில் போவது வெறும் ஒன்றும் சுழியும். வந்தால் வந்தது, வராவிட்டால் படம் பொறி பறக்கும், சத்தம் விட்டுவிட்டு வரும். மெல்ல மெல்ல அழகாவது கிடையாது. யூஎஸ்பியில் பெரும்பாலும் வரும் தொல்லை, கம்ப்யூட்டரின் கிரவுண்டு வழியாக 50 ஹெர்ட்ஸ் ஹம் ஏறுவது. அது எர்த் பிரச்சினை. டிவி கேபிள் வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றினால் ஹம் நின்றுவிடும் வீடுகளும் இப்படித்தான்.

கடற்கரைக்காது (புதன், இரவு 9.30)

மன்னிக்கவும், ஆபீஸில் ஆடிட். இன்று சாயங்காலம்தான் பக்கத்து வீட்டுப் பையனின் பைக் பேட்டரியைக் கழற்றி வாங்கினேன். எதற்கு என்று கேட்டான், "கச்சேரிக்கு" என்றேன்.

அளந்தது இது. கரன்ட் சரியாக 0.40 ஆம்பியர். இடது ஸ்பீக்கர்: பிளஸ் 60 மில்லிவோல்ட், மைனஸ் 100. வலது: பிளஸ் 56, மைனஸ் 224. வலது மைனஸில் வயரை விரலால் அசைத்தால் எண் 180க்கும் 300க்கும் நடுவே குதித்தது. நான் தப்பாக அளக்கிறேனோ என்று மூன்று முறை செய்து பார்த்தேன்.

அப்புறம் முனையைக் கழற்றி டேபிள் லேம்ப் அடியில் வைத்தேன். மாரி அண்ணே, நீங்கள் சோசியம் பார்ப்பீர்களா? பச்சை. சும்மா பச்சை இல்லை, பழைய செப்புக் குடத்தின் கழுத்தில் படியுமே, அந்தக் களிம்பு. உறையை உரித்துக்கொண்டே போனால் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி கறுத்திருக்கிறது. இழைகளை எண்ணினேன். மற்ற முனைகளில் 24 இழை இருக்கிறது. வலது மைனஸில் 11தான் மிச்சம். பாக்கி ஸ்க்ரூ அழுத்தின இடத்தில் ஒடிந்து, உள்ளேயே பொடியாகக் கிடக்கிறது. ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் செம்புதான். விற்ற கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான்தான் ஏழு வருஷம் திரும்பியே பார்க்கவில்லை.

எட்டு_ஓம் (புதன், இரவு 9.52)

ஆகா. இடது மொத்தம் 0.40 ஓம், வலது 0.70. 24 இழை, ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. என்றால் 0.75 சதுர மி.மீ. வயர், நல்ல நிலையில் 0.26 வந்திருக்க வேண்டும். 4 ஓமில் இடது பக்கம் 0.8 டெசிபெல் நஷ்டம், வலது பக்கம் 1.4. வலது பக்கம் அரை டெசிபெல்லுக்கு மேல் மெலிந்திருந்தது. அதனால்தான் பாடகர் இடது பக்கம் ஒதுங்கினார்!

புது வயரில் இரண்டு பக்கமும் சமம், மொத்தச் சத்தமும் ஏறத்தாழ ஒரு டெசிபெல் கூடியிருக்கும். அடுப்படிக்குக் கேட்டிருக்கும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. உங்கள் காது பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் "காசின் மகிமை" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பொட்டிக்கடை (புதன், இரவு 9.58)

அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். குக்கர் விசிலையும் வாபஸ் வாங்குகிறேன்.

வெள்ளிக்கம்பி (புதன், இரவு 10.20)

அப்போ வித்தியாசம் நிஜம். அதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்?

மைக்செட்_மாரி (புதன், இரவு 10.41)

நிஜம்தான் தம்பி. வித்தியாசம் பழைய வயரின் முனையில் இருந்தது, புது வயரின் விலையில் இல்லை. ஒரு முழம் வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டுங்கள். இழைகளை ஸ்க்ரூவுக்கு அடியில் அப்படியே கொடுக்காதீர்கள், லக் எனும் உலோக முனை போட்டு அழுத்துங்கள். ஈயம் வைத்து அதை ஸ்க்ரூவில் முடுக்கவும் கூடாது. ஈயம் நாளாக நாளாக அமுங்கும், பிடி தளரும். கடற்கரையில் வருஷத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டினால் போதும்.

கடற்கரைக்காது (ஞாயிறு, மாலை 4.15)

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பழையதை வெட்டி உரித்ததும் எல்லாக் கம்பியும் 50, 52 மில்லிவோல்ட். பாடகர் நடுவில். தம்புராவும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனாலும் கணக்குப்படி ஒல்லிதானே என்று எலெக்ட்ரிகல் கடையில் 2.5 சதுர மி.மீ. இரட்டை வயர் 10 மீட்டர் வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முனையில் மாட்டிச் செருகும் பனானா பிளக் தனி.

நேற்றும் இன்றும் அதையும் 42,000ஐயும் வைத்துச் செல்வி சொன்ன சோதனை. மச்சான் நாணயம் சுண்டினார். முதல் நாள் எட்டு சுற்று முடிவதற்குள் அவருக்கு மூன்று காபி, எனக்கு முதுகுவலி. ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை அணைத்து, பிளக் மாற்றி, அவர் பால்கனிக்குப் போய்க் கனைத்த பிறகு நான் படுக்கையறையிலிருந்து வர வேண்டும். ஒரே தம்புரா, ஒரே ஒரு நிமிஷ ஆலாபனை, ஒரே வால்யூம். மூன்றாவது சுற்றில் "இது நிச்சயமாகப் பெரிய வயர்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். அது ஆயிரம் ரூபாய் வயர்.

16க்கு 9.

வெள்ளிக்கம்பி (ஞாயிறு, மாலை 6.30)

உழைப்புக்கு மரியாதை. ஆனால் நானும் கொஞ்சம் புள்ளியியல் படித்தவன், ஒன்று சொல்கிறேன். நூற்றுக்கு 60 தடவை நிஜமாகவே கண்டுபிடிக்கக்கூடிய ஒருவரை உட்கார வைத்து 16 சுற்று நடத்தினால், அவர் 12ஐத் தொடுவது ஆறில் ஒரு முறைதான். பாக்கி ஐந்து முறையும் "இவருக்குக் கேட்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். வித்தியாசம் இல்லை என்று இந்த 9 நிரூபிக்கவில்லை.

செரங்கூன்_செல்வி (ஞாயிறு, இரவு 7.15)

சரியாகச் சொன்னீர்கள், இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க 16 போதாது, நூறு சுற்றாவது வேண்டும். அவருடைய மச்சான் சம்மதிப்பார் என்று தோன்றவில்லை.

எட்டு_ஓம் (ஞாயிறு, இரவு 7.40)

நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நூறு சுற்று எதற்கு?

வெள்ளிக்கம்பி (ஞாயிறு, இரவு 7.55)

அந்த வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது. சரி. ஆனால் என் வயரைக் கழற்ற மாட்டேன். பித்தளை டபராவில் குடிக்கிற காபியும் பேப்பர் கப் காபியும் ஒரே டிகாஷன்தான். எனக்கு டபராதான் வேண்டும்.

எட்டு_ஓம் (ஞாயிறு, இரவு 8.02)

இதில் எனக்குச் சண்டையே இல்லை. டபராவுக்குக் காசு கொடுங்கள், டிகாஷனுக்கு என்று சொல்லி வாங்காதவரை.

வினைல்_வாத்தியார் (ஞாயிறு, இரவு 8.30)

மிச்சப் பணத்தில் தரையைப் பாருங்கள் கடற்கரைக்காது. டைல்ஸ் ஹாலில் கை தட்டினால் "டங்" என்று திரும்பி வருமே. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த பவானி ஜமக்காளம் ஒன்று, ஒற்றையாக விரிக்காமல் இரண்டாக மடித்து. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். இதில் வரும் மாற்றத்தை அளக்கப் பேட்டரி வேண்டாம்.

கடற்கரைக்காது (செவ்வாய், இரவு 9.10)

ஜமக்காளம் வந்துவிட்டது, சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. மனைவி அது தன் அம்மா வீட்டு ஞாபகம் என்று அதன் மேலேயே உட்கார்ந்து கேட்கிறாள். அடுப்படியிலிருந்து இல்லை, பொட்டிக்கடை கவனிக்க.

வயரைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "வித்தியாசம் கேட்கவில்லையா சார்?" என்றார். "கேட்டது, ஆனால் என் பழைய வயர் துரு பிடித்திருந்தது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படி நிறைய வீடு இருக்கும் இல்ல?" என்றார். என்ன அர்த்தத்தில் கேட்டார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மைக்செட்_மாரி (செவ்வாய், இரவு 9.47)

துரு இல்லை தம்பி, களிம்பு. இரும்புக்குத்தான் துரு.

பழைய வயர் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல செம்பு, காலிங் பெல்லுக்கு ஆகும்.